நெற்றி இல்லாத படங்கள்

ஏலத்தை இங்கே எல்லாரும் மலாய் வார்த்தையில் லேலோங் என்பார்கள். துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில், அப்துல் கய்யூம் பாயின் லேலோங் கடை இருந்தது. அங்கே மருதமுத்துவுக்குச் சாமான்களைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. பாய் பலகை மேல் நின்று விலை கூவுவார். மருதமுத்து நாற்காலியோ, மேசை விளக்கோ, துரை வீட்டுத் தேநீர்க் கோப்பையோ, எதுவானாலும் தலைக்கு மேலே தூக்கி நாலு பக்கமும் திருப்பிக் காட்டுவார். பியானோவைத் தவிர அந்த ஆள் தூக்காத சாமான் கிடையாது என்று பாய் பெருமையாகச் சொல்வார்.

காஜா பேராங்கில் அவருக்கு அடுத்த வீட்டில் நான் குடியிருந்தேன். தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியை, பெயர் கமலவேணி, வாய் கொஞ்சம் நீளம். நடந்ததற்கெல்லாம் அந்த வாய்தான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மனம் திருந்தி ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். ஒப்புக்கொள்ள வேண்டிய நேரத்தில் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் இரண்டு வீடும் ஒரே பலகை வீட்டின் இரண்டு பாதிகள். நடுவில் ஒரு தடுப்பு, பின்பக்கம் ஒரு வேலி, இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். வீட்டுக்காரர் பல தலைமுறையாக மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட செட்டிக் குடும்பத்துக்காரர். அவருக்குப் பேச்செல்லாம் மலாய்தான், தமிழ் பத்து வார்த்தை தேறாது. ஆனால் விபூதியை எங்களைவிடப் பட்டையாகப் பூசுவார். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் மட்டும் அவருக்கு மலாயும் மறந்துவிடும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். கப்பலில் ஏற்ற முடியாததெல்லாம் பாய் கடைக்கு வந்தது. அதில் படங்களும் இருக்கும். குதிரைப் படம், கப்பல் படம், சீமைக் குளம் குட்டை என்றால் யாராவது கேட்பார்கள். சில படங்களில் எதுவுமே இருக்காது. ஒரு கோடு, ஒரு கட்டம், அப்பிய நிறம். புதுக்காலத்து ஓவியமாம். அதைத் தூக்கிப் பிடித்தால் கூட்டம் சிரிக்கும். ஆனாலும் அவை விலை போகும், சட்டத்துக்காக. நல்ல மரம், தங்க ரேக்கு பூசிய சட்டம். வாங்கியவர்கள் கடையின் பின்கட்டிலேயே ஆணியைக் கழற்றிச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இழுத்துக் கட்டிய துணியை அங்கேயே சாய்த்துவிட்டுப் போவார்கள். சட்டத்துக்குள் அவர்கள் வீட்டு லட்சுமியோ, செத்துப்போன அப்பாவோ ஏறிக்கொள்வார்கள். மிச்சமான துணியை மருதமுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இப்படித்தான் ஒரு லேலோங் கடைக் கூலியிடம் துரைமார் வீட்டு ஓவியங்கள் சேர்ந்தன.

எல்லாவற்றையும் அவர் எடுக்கவில்லை. ஆள் இருக்கிற படம் வேண்டாம், மிருகம் வேண்டாம், மரம்கூட வேண்டாம். எதுவும் இல்லாத படமாக இருந்தாலும் உடனே கொண்டுவர மாட்டார். கடையின் பின்கட்டில் மூன்று நாள் சாய்த்துவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். அதில் ஒரு கண்ணோ கையோ தெரிந்துவிட்டால் அந்தப் படம் பாய் வீட்டு அடுப்புக்குப் போகும். மூன்று நாளும் ஒன்றும் தெரியாமல் தாக்குப்பிடித்த படம்தான் சைக்கிளின் பின்னால் ஏறிக் காஜா பேராங்குக்கு வரும். அவற்றுக்கு அவர் பேர் வைக்கவில்லை, வந்த இடத்தைத்தான் சொல்வார். கிளேபாங் படம், சாம்பல் நிறத்தில் மூன்று கட்டம், ஒன்றின் ஓரத்தில் மட்டும் மஞ்சள் கசிந்திருக்கும். ஜட்ஜ் படம், சிவப்பின் மேல் கறுப்புக் கோடுகள். ஆஸ்பத்திரித் துரை படம், ஒரு நீல வளையம், முழுசாக மூடாமல். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து அவற்றின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு மணி நேரம் அசைய மாட்டார்.

அவர் மனைவி ருக்மணிக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. செமாபோக்கில் பிறந்து வளர்ந்தவள், கெட்டிக்காரி, வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. கல்யாணத்தின்போது படம் பிடிக்க அவர் சம்மதிக்கவில்லை. மாலையும் கழுத்துமாக ஒரு படம் இல்லையே என்ற குறை அவளுக்கு இருந்தது. அந்த இடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு இந்தக் கிறுக்கல்கள். "எனக்கு மாட்ட ஒரு படம் இல்ல டீச்சர், அதுங்களுக்குப் பாருங்க, வீடே குடுத்தாச்சு" என்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பெரிதாக, பழுப்பு நிறத்தில் ஒன்று வந்தது. வேலிப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, போர்வை போத்திக்கிட்டு ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றேன். பேச்சுக்குச் சொன்னதுதான். மருதமுத்து படத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயே அதைச் சுவர் பக்கமாகத் திருப்பிவைத்தார். மறுநாள் காலையில் சைக்கிளில் கட்டிக் கடைக்கே கொண்டுபோய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னதற்கு இத்தனை வீறாப்பா என்று சாயங்காலம் குழாயடியில் நேராகவே கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"வீறாப்பு இல்ல டீச்சரம்மா. நீங்க சொல்லிட்டீங்க. சொன்னப்புறம் அது போவாது."

"எது போகாது?"

அப்போதுதான் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து அவரையும் அவர் தம்பி அப்பாசாமியையும் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப்போனது எனக்குத் தெரியும். அந்த நாட்டிலிருந்து திரும்பாதவர்கள் இல்லாத குடும்பம் எங்களில் குறைவு. தம்பி அங்கே காலராவில் போய்விட்டான் என்பதும் தெரியும். தெரியாதது இதுதான். காலரா கண்டவர்களை ஒரு கொட்டகையில் போடுவார்கள். கொட்டகை நிறைந்ததும் குழிக்கு. தூக்கிப்போக ஆள் வேண்டும். மருதமுத்துவுக்கு உடம்பில் தெம்பு இருந்ததால் அந்த வேலை அவருக்கு.

"தம்பிய என் கையாலதான் தூக்கி வெச்சேன். மண்ணு தள்றப்ப மொகத்தப் பாத்தேன். கண்ணு தொறந்திருந்துச்சு. செத்தவனுக்கும் தொறந்துதான் இருக்கும். ஆனா எனக்குத் தெரியல. மேல தள்ளுடான்னு ஜப்பான்காரன் நிக்கிறான். தள்ளிட்டேன். இன்ன வரைக்கும் தெரியல."

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார். உயிரோடு இருக்கிறவர் முகம் பரவாயில்லையாம், அசைகிறது, பேசுகிறது. படத்து முகம்தான் ஆகாது. கொஞ்ச நேரம் பார்த்தால் தம்பியாகிவிடும். காலண்டரில் இருக்கிற முருகனும் அப்படித்தான், ராணியம்மா படமும் அப்படித்தான். முடி வெட்டுகிற கடையில்கூட நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடச் சொல்வார் என்பது பிறகு தெரிந்தது.

"இதுங்கள்ல மட்டுந்தான் டீச்சரம்மா யாருமே இல்ல. இதுங்க முன்னால ஒக்காந்தா நல்லா மூச்சு விட முடியுது. ருக்மணிகிட்ட சொல்லிடாதீங்க. அவ பயந்துருவா."

அவளிடம் நான் சொல்லவில்லை. அந்த ஒரு தடவை வாயை மூடினேன். சொல்லியிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

சுதந்திரம் வந்த வருஷம் அவரிடம் பதினொரு படங்கள் இருந்தன. அதே வருஷம் அவருக்கு இருமலும் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கனமாக எதையும் தூக்காதே என்றார்கள். தூக்குவதே வேலையாக இருக்கிறவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? அவருக்குத் தன்னைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை, படங்களைப் பற்றித்தான். மழை பெய்தால் கூரை ஒழுகும். ராத்திரியில் எழுந்து படங்களை இடம் மாற்றுகிற சத்தம் தடுப்பு வழியாகக் கேட்கும். இரண்டு மூன்று படங்களில் நிறம் பொரிந்து செதில் செதிலாக நின்றது.

"ஒழுகாத செவுரு ஒண்ணு கெடச்சாப் போதும் டீச்சரம்மா. நான் போனப்புறம் இதுங்க அடுப்புக்குப் போயிரும். அதுக்குள்ள ஒரு செவுரு."

அந்தச் சுவர் ஆகஸ்ட் மாதம் கிடைப்பதுபோல் இருந்தது. தியோ என்று ஒரு சீன வாத்தியார், பெரிய பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர், நாற்காலி வாங்க பாய் கடைக்கு வந்திருக்கிறார். பின்கட்டில் சோதனைக்குச் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டிருக்கிறார். மருதமுத்து கூட்டிவந்துவிட்டார். ருக்மணி அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். இங்கிலீஷ் வந்தால் உதவும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இங்கிலீஷ் வரவில்லை, தியோ மலாயில்தான் பேசினார். முதலில் பேசவே இல்லை. ஒவ்வொரு படமாகக் குனிந்து மூலையில் இருந்த கையெழுத்தைப் படித்தார். நான்கு படங்களை வரைந்தவர்களின் பேர் புத்தகங்களில் இருக்கிறது என்றார். இரண்டு படம் சிங்கப்பூர்க்காரர்கள் வரைந்தது. மிச்சம் யார் என்று தெரியவில்லை, துரைசானிமார்கள் யாராவது பொழுதுபோக்காக வரைந்திருக்கலாம். ஆனால் அந்த மூடாத நீல வளையம்தான் எல்லாவற்றிலும் உசத்தி என்றார்.

மருதமுத்து அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோலாலம்பூரில் புது அரசாங்கத்து ஆட்கள் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். தியோ பேசி முடித்துவிட்டு வேன் கொண்டுவருவார். பதினொன்றும் போகும். நல்ல சுவரில் மாட்டுவார்கள், அங்கேயே இருக்கும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை குறித்துக்கொடுத்தார். போகும்போது வாசலில் வைத்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஜாங்கான் கெனா ஆயிர்" என்று இரண்டு தடவை சொன்னார். தண்ணீர் படக்கூடாது. துடைக்கவும் கூடாது. சிலது காகிதத்தில் வரைந்து ஒட்டியது, சிலது பொரிந்து நிற்கிறது. மருதமுத்து தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

ருக்மணிக்கு மருதமுத்து சொன்னது ஒரே வார்த்தை, தொடாதே. முதல் படம் வந்த நாளிலிருந்து அதை அவர் சொல்லிவருகிறார்.

ஆனால் அவளுக்குள் ஏதோ மாறியிருந்தது. ஒரு படித்த மனிதர் தன் வீட்டுத் தரையில் மண்டிபோட்டு அந்தப் படங்களைப் பார்த்ததை அடுக்களையிலிருந்து கண்டிருக்கிறாள். புருஷன் சிரித்ததையும் கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு படங்களைக் கிறுக்கல் என்று சொல்வதை விட்டுவிட்டாள். குடங்களைத் தள்ளிவைத்து, அவற்றுக்கு இடம் விட்டுக் கூட்டினாள். தான் இத்தனை நாள் ஏசியதற்கு என்ன பரிகாரம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் ஆயுத பூசை வந்தது. முதல் நாள் குழாயடியில் அவள் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், தச்சன்னா உளிய வைக்கிறான், லாரிக்காரன் லாரிக்கு மாலை போடுறான். நீங்க புத்தகத்த வைப்பீங்க. இவரு வெறுங்கையாலதான் தூக்குறாரு. இவரு தொழிலுக்குன்னு எத டீச்சர் வைக்கிறது? ஒவ்வொரு வருசமும் ஒண்ணுமில்லாமயே சாமி கும்புடுறேன்."

எனக்குத் துணி அலசுகிற அவசரம். வாய் முந்திக்கொண்டது.

"ஏன், அதான் பதினொரு சாமிய வரிசையா நிறுத்தி வெச்சிருக்காரே. கழுவிப் பொட்டு வெச்சு நடுவுல வையி. சனிக்கெழம வாத்தியாரு வர்றப்ப பளபளன்னு இருக்கும்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு தேய்த்தாள். தியோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. தண்ணீர் என்று அவர் இரண்டு தடவை சொன்னது என் நினைவில் இருந்தது. இருந்தும் அந்த நிமிஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். சில நாளில் நானே நம்புவதில்லை.

மறுநாள் மருதமுத்து விடிந்ததும் கிளேபாங்குக்குப் போய்விட்டார், ஒரு பங்களாவைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசையை முடித்துக்கொண்டு, கையில் சுண்டல் பொட்டலத்தோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வேலியோரம் வெயிலில் பதினொரு படங்களும் வரிசையாகச் சாய்ந்து நின்றன. எல்லாம் ஈரம்.

ருக்மணி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, விரதமாக இருந்தாள். தொடாதே என்றால் சுத்தமில்லாமல் தொடாதே என்று அவளுக்கு அர்த்தம். அதனால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒவ்வொரு படத்தையும் சவுக்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் மேலிருந்து கீழ்வரை தேய்த்திருக்கிறாள். சாமி படத்துக் கண்ணாடியை அப்படித்தான் துடைப்போம். இவற்றுக்குச் சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பொரிந்து நின்ற நிறமெல்லாம் துணியோடு வந்துவிட்டது. வாளித் தண்ணீர் சேறாகக் கிடந்தது. ஒவ்வொரு படத்திலும் மேலே நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"சாயம் போவுது டீச்சர். மட்டச் சாயம் போல. ஆனாலும் அழுக்கு போயிருச்சு பாருங்க." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நெத்தி எங்கனு தெரியல. நடுவுல வெச்சுட்டேன். சரிதான?" என்றாள்.

சரி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சரி என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஐந்து மணிக்குச் சைக்கிள் சத்தம் கேட்டது. வெளியே வராமல் இருக்கவும் முடியவில்லை. ருக்மணி படங்களை உள்ளே எடுத்து வரிசையாக நிறுத்தி, முன்னால் பொரி, அவல், வாழைப்பழம் எல்லாம் படைத்திருந்தாள். மருதமுத்து வாசலிலேயே நின்றார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கிளேபாங் படத்தில் மஞ்சள் இல்லை. நீல வளையம் கரைந்து, கீழே இரண்டு கோடாக வடிந்திருந்தது. அவர் கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"யாரு சொன்னா?" என்று கேட்டார்.

நான் அவருக்குப் பின்னால், நாலடி தூரத்தில் நிற்கிறேன். ருக்மணி என்னைப் பார்க்கவே இல்லை. அவர் குரலிலேயே அவளுக்குத் தப்பு நடந்துவிட்டது புரிந்திருக்க வேண்டும்.

"யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு. ஒங்க தொழிலுக்குன்னு ஒண்ணுமே வெச்சதில்லியே."

இப்போது பேசலாம், இதோ பேசலாம் என்று நின்றுகொண்டே இருந்தேன். ருக்மணி கற்பூரத்தைக் கொளுத்தினாள். அவர் தட்டருகே வந்து இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார். விபூதியும் பூசிக்கொண்டார். அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்காவது மனம் ஆறியிருக்கும், நானாவது அழுதிருப்பேன்.

பிறகு வெளியே வந்து குழாயடித் திட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"தொடச்சுப் பாக்கலாமாண்ணே? சந்தனந்தானே."

"தொடச்சாப் போற எடமா அது? பொட்டு வெச்சா நெத்தி வந்துருது டீச்சரம்மா. நெத்தி வந்தா கீழ மொகம் வந்துருது." கொஞ்ச நேரம் இருமினார். "பதினொண்ணுலயும் அவந்தான் இருக்கான்."

சனிக்கிழமை தியோ வேனோடு வந்தார். கூட இன்னொரு ஆளையும், சுற்றுவதற்குப் பழைய கம்பளிகளையும் கொண்டுவந்திருந்தார். படங்களைப் பார்த்ததும் யார் இதைச் செய்தது என்று கேட்டார். ருக்மணி கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். மருதமுத்து, "சாயா," நான்தான் என்றார். தியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சொன்னேனே, இரண்டு தடவை சொன்னேனே என்றார். சொன்னீர்கள் என்றார் மருதமுத்து. தியோ நீல வளையம் இருந்த படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். கம்பளிகளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேன் வெறும் வேனாகத் திரும்பியது.

ருக்மணிக்கு அன்றைக்குத்தான் முழுக்கப் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தாங் கெடுத்துட்டேன், எங் கையால கெடுத்துட்டேன்" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் சொல்வது எனக்குக் கேட்டது. மருதமுத்து என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. படங்களை அவர் அடுப்பில் போடவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக, முகம் கீழே இருக்கும்படி அடுக்கிவைத்தார். முகம் என்று நானும் எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சாயங்காலம் சீக்கிரம் வருவதில்லை. வந்தாலும் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. லேலோங் கடைக்குப் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, கடைசித் துரைமார்கள் அப்போதுதான் போனார்கள். தூக்கிப் பிடிப்பார், சட்டம் விலைபோகும், துணி பாய் வீட்டு அடுப்புக்குப் போகும். ஒன்று இரண்டையாவது மறுபடி எடுத்துவரலாமே என்று கேட்டேன். "மூணு நாளு வேணாம் டீச்சரம்மா, இப்ப பாத்த ஒடனே தெரியுது" என்றார். பழக்கம் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்தார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு ஆணிகூட இல்லை.

"இந்தச் செவுரு நல்லாருக்கு டீச்சரம்மா," என்றார். "ஒண்ணுமில்ல."

அந்த நேரத்தில் போய் அவர் முன்னால் என் பாவத்தைக் கொட்டி, அதையும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது நல்ல எண்ணமா, கோழைத்தனமா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஆரஞ்சை உரித்து வைத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் விடியற்காலையிலேயே உதவிக்குப் போனேன். செமாபோக்கிலிருந்து ருக்மணியின் ஆட்கள் வந்திருந்தார்கள். கய்யூம் பாயும் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படையல் போட வேண்டும், மாலை போட வேண்டும், எதற்குப் போடுவது? மருதமுத்துவுக்குப் படமே கிடையாது. அடையாள கார்டில் தபால்தலை அளவுக்கு ஒன்று இருந்தது. அதையும் இறப்பைப் பதிவு செய்தபோது ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே போனேன். ருக்மணி குத்துவிளக்கை ஏற்றி, மணை போட்டு, அதன் மேல் நீல வளையத்துப் படத்தை நிறுத்தி மல்லிகை மாலை போட்டிருந்தாள். பழைய சந்தனம் காய்ந்து தடம் மட்டும் இருந்தது. அதன் மேலேயே புதிதாகச் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமமும் வைத்திருந்தாள். உறவுக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு டீச்சர்," என்றாள். குரலில் குத்தல் இல்லை. அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. "பொட்டு வெச்சிருக்காட்டி இன்னைக்கு நான் எத வெச்சு மாலை போடுறது?"

நான் படத்தைப் பார்த்தேன். நெற்றிக்குக் கீழே நீலம் இரண்டு கோடாக வடிந்திருந்தது. அதில் அவர் இருந்தார், குழாயடித் திட்டில் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு. அவர் சொன்னதுபோல, அதற்கப்புறம் அது போகவில்லை. பின்பக்கம் போய் வாழை இலைகளைக் கழுவ ஆரம்பித்தேன்.